கைப்பக்குவம் என்னும் கட்டுக்கதை

அயல்நாட்டு வாழ்க்கையைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறுகிறது. படிக்கவோ வேலை பார்க்கவோ கடல் கடந்து போன இளைஞன் முதன்முதலாகச் சாம்பார் வைக்கிறான். பருப்பு வேகவில்லை, தாளிப்பு கருகுகிறது, புகையெச்சரிக்கை மணி அலறுகிறது, அறைத்தோழர்கள் சிரிக்கிறார்கள். அன்றிரவு அம்மாவின் கைப்பக்குவத்தை நினைத்து அவன் கண்கலங்குகிறான். வாசிக்கும் நாமும் நெகிழ்ந்துபோகிறோம். இந்த நெகிழ்ச்சியின் மீதுதான் நமக்கு ஆட்சேபம்.

கைப்பக்குவம் என்னும் சொல் பாராட்டுப்போல ஒலிக்கிறது. அது செய்யும் வேலையோ வேறு. பல்லாண்டுக் கவனத்தாலும் பயிற்சியாலும் ஒருத்தி ஈட்டிய அறிவை, பிறவியிலேயே அவள் விரல்களில் ஊறிவந்த வரமாக அது மாற்றிவிடுகிறது. வரம் என்றால் அதைக் கற்பிக்க வேண்டியதில்லை. மற்றவர் கற்கவும் வேண்டியதில்லை. வரத்துக்கு ஓய்வுநாளும் கிடையாது.

நம் இலக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து, வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி வழுவாதது என்று புகழப்படுகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில், கூடலூர் கிழார் காட்டும் இளம்பெண் தயிர் பிசைந்த விரல்களோடு, தாளிப்பின் புகை கண்ணில் பட, தானே துழாவிப் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிதென்று சொல்லி உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அழகான பாடல்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆண் சமைத்தால் அது நூல். பெண் சமைத்தால் அது அன்பு. நளபாகம், வீமபாகம் என்று கலைக்குப் பெயர் வைத்தபோது ஆண்களின் பெயரை வைத்த நாம், அன்றாட அடுப்படிக்கு மட்டும் பெயரில்லாத பெண்களை நிறுத்தினோம்.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது இந்தக் கட்டுக்கதையின் மீது ஓசையில்லாமல் ஓர் அடி விழுந்தது. அளவும் வரிசையும் சொல்லி எழுதினால் இந்த அறிவு கைமாறும் என்று அந்நூல் காட்டியது. தலைப்பே ஏவல்வினை. அம்மாவை நினைத்துப் பார் என்று அவர் எழுதவில்லை.

அயல்நாட்டுச் சமையலறை நமக்குச் செய்யும் பேருதவி, இந்த அறிவை அறிவாகவே கண்முன் நிறுத்துவதுதான். அம்மா ‘கண்ணளவாக’ப் போடுகிறார் என்கிறோம். அந்தக் கண்ணளவுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளாக மாறாத ஒரே டம்ளர், ஒரே அடுப்பு, ஒரே ஊர்த் தண்ணீர் இருக்கின்றன. இவை அத்தனையும் மாறிய இடத்தில் குழம்பு தவறுவதற்கு அம்மாவின் கை இல்லாதது காரணமன்று. லண்டனின் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் பருப்பு எளிதில் குழைவதைத் தடுக்கும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலிருக்கும் டென்வரில் தண்ணீர் 95 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை எத்தனை நேரம் கிளறினாலும் வெப்பம் அதற்குமேல் ஏறாது. குக்கர் அதை 120 பாகைவரை கொண்டுபோகும். டொராண்டோவின் குளிர்காலத்தில் இட்லிமாவு இரவெல்லாம் அசையாமல் கிடக்கும். சூடேற்றாத அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தால் பொங்கிவரும். நுண்ணுயிர்களுக்கு வேண்டியது பாசமன்று, வெதுவெதுப்பு.

‘பருப்பு வெந்தபிறகு புளியை ஊற்று’ என்று அம்மா தொலைபேசியில் சொல்வதும் இவ்வகை அறிவுதான். புளியின் அமிலம் பருப்பை மென்மையாகவிடாது. அம்மா அமிலம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக அதை அன்பின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமா? அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு அதன்படி செய்வதே அவருக்குச் செய்யும் மரியாதை, அழுவதன்று.

சமைக்க நேரம் ஏது என்பார்கள் சிலர். 1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்ற காந்தி, பிறகு செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி தாமே காய்ச்சிக்கொண்டார். அதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை என்று தம் வரலாற்றில் எழுதுகிறார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலைக்குப் போன நம் ஆட்கள், வெயிலில் உழைத்துவிட்டு வந்து, பலருக்குப் பொதுவான சமையலறையில் முறைவைத்துச் சமைக்கிறார்கள். அவர்களுடைய முதல் சாம்பாரைப் பற்றி யாரும் நகைச்சுவைக் கட்டுரை எழுதவில்லை. சமைப்பதை வீரதீரச் செயலாக்கிச் சிரிக்கவும் அழவும் வசதி வேண்டும்; அந்த வசதி நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு ரொட்டியும் உறைந்த பரோட்டாவும் தின்றபின், ‘சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறான், சீக்கிரம் ஒரு கல்யாணத்தைச் செய்துவையுங்கள்’ என்ற குரல் ஊரிலிருந்து எழும். பொறியியல் படித்த பெண்ணொருத்தி விமானமேறி வந்து அந்தப் பசியைத் தீர்க்க வேண்டும். அவளுக்கும் அது அயல்நாடுதான். அவளும் அம்மாவைப் பிரிந்து வந்தவள்தான். அவளுடைய முதல் சாம்பார் தவறினால் மட்டும் அது நகைச்சுவை ஆவதில்லை, வளர்ப்பின் குறை ஆகிவிடுகிறது. 2019இல் நடந்த இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகத் தெரிகிறது. அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இந்தக் கணக்கையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் நாம் விமானமேறுகிறோம்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஊருக்கு விடுமுறையில் வரும் மகன், ‘உன் கைச் சாப்பாட்டுக்கு ஏங்கினேன் அம்மா’ என்று தட்டின்முன் அமர்வதற்குப் பதிலாக, அவரை உட்காரவைத்து ஒரு வேளையாவது பரிமாறட்டும். உப்பு கூடியிருந்தால் அவர் சொல்வார். அறிந்தவர் அவர்.