கசானில் கிடந்த உண்மை

விஞ்ஞானத்துக்கு மொழியில்லை என்பர். ஒளித்தொகுப்பு ஆராய்ச்சியின் வரலாறு அக்கூற்றைப் பொய்ப்பிக்கின்றது.

தாவரம் உள்வாங்கும் காபனீரொட்சைட்டு முதலில் மூன்று காபன் கொண்ட சேர்வையாகின்றதெனக் கல்வின் குழுவினர் நிறுவினர். 1961இல் கல்வினுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஹவாயின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கோட்சாக் குழுவினர் 1950களிலேயே வேறொன்றைக் கண்டிருந்தனர். கரும்பிலையில் முந்தித் தோன்றியவை நான்கு காபன் கொண்ட மலிக், அஸ்பாட்டிக் அமிலங்கள். அவர்களது விரிவான கட்டுரை வெளிவந்ததோ 1965இல். அதற்கும் முன்னர், 1960இல், சோளத்தைப் பற்றி ஏறத்தாழ இதே முடிவைச் சோவியத் நாட்டின் கசான் விவசாய நிறுவன வெளியீடொன்றிலே கார்ப்பிலோவ் ருஷ்ய மொழியில் அச்சேற்றியிருந்தார். மேற்குலகில் அதனைத் தேடிப் படித்தவர் யார்?

1966இல் பிறிஸ்பேனில் ஹற்ச், சிலாக் இருவரும் இப்பாதையின் பொறிமுறையைத் துலக்கத் தொடங்கினர். அவர்களது உழைப்பு பெரிது. ஹவாயில் முன்னரே கண்டதை அவர்கள் மறைக்கவுமில்லை. ‘ஹற்ச்–சிலாக் பாதை’ என ஒரு வரி எழுதிவிட்டு அப்பால் தாவும் பாடநூல்களே பழிக்குரியன.

கார்ப்பிலோவ் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என வாதிப்போர் உளர். தன் மொழியில் எழுதியவரைக் குற்றவாளியாக்கி, படியாதவரைத் தப்பவிடும் விந்தையான நீதி இது! எழுதுவதோடு அவர் கடன் தீர்ந்தது. தேடுவது ஏனையோர் கடனன்றோ?

நெல்லில் இந்நான்கு காபன் பாதையைப் புகுத்த 2008 முதல் சர்வதேசத் திட்டமொன்று முயன்று வருகின்றது. அதன் பெறுபேறுகள் வெளிவருவதும் ஆங்கில ஆய்விதழ்களிலேயே. நெல் விதைப்போருள் அவற்றை வாசிப்போர் எத்தனை பேர்?