நோயாளியும் குடிமகனே

நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஓயாது ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு: “டாக்டர் ஐயா புண்ணியம்!” மருந்து கிடைத்தாலும் புண்ணியம், கட்டில் கிடைத்தாலும் புண்ணியம். இதனைப் பணிவென மெச்சுவோர் பலர். உரிமையொன்று பிச்சையாகத் திரிந்துவிட்டதன் அடையாளமே இஃது என்பது எமது வாதம்.

இலவச வைத்தியம் யாருடைய கொடை? 1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமையே ஆள்வோரை ஏழையின் நோயையும் எண்ணிப்பார்க்கச் செய்தது. அதன் செலவை இறுப்போரும் மக்களே. வருமானவரி கட்டாத கூலித் தொழிலாளியும் தான் வாங்கும் பொருள்களின் விலையோடு மறைமுக வரி செலுத்துகின்றான். தான் பணம் கொடுத்த சேவைக்கு அவன் கைகட்டி நிற்பதேன்?

“மக்களின் அறியாமையே காரணம்” என்பர் கற்றோர். இதனை யாம் ஏற்கோம். சென்ற ஆண்டு எனது பாட்டி, சத்திரசிகிச்சைக்கு முன்னர், தாம் வாசிக்கவியலாத சிங்களப் படிவமொன்றிற் கையொப்பமிட்டார். “என்னவென்று கேட்டிருக்கலாமே, பாட்டி?” என்றேன். “கேட்டா, அடுத்த கிளினிக்குக்கும் இதே மிஸ்ஸிகிட்டத்தானே போகணும், ராசா” என்றார். இது அறியாமையன்று, அளந்தறிந்த மௌனம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையகத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். மருந்தும் தோட்ட நிருவாகத்தின் கையிலிருந்த நாள்களில், கேள்வி கேட்பதன் விலையை அவர் கற்றிருந்தார்.

பொருளறியாது இட்ட கையொப்பம் சம்மதமாகாது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆயினும் சட்டம் தானே நடந்து வாட்டுக்குள் வருவதில்லை.

வைத்தியரும் தாதியரும் வேலைப்பளுவால் நைகின்றனர் என்பது மெய். எமது குரல் அவர்களுக்கு எதிரானதன்று. ஆளணிப் பற்றாக்குறையால் அவர்கள் அனுபவிப்பதும் நோயாளி அனுபவிப்பதும் ஒரே குறையின் இரு பக்கங்களே. கேள்வி கேட்கும் நோயாளி அவர்களுக்குத் துணையாவானேயன்றிப் பகையாகான்.

நாம் வேண்டுவன சில: நோயின் பெயரை நோயாளியின் மொழியிற் சொல்லுதல், கையொப்பத்தின் முன் படிவத்தை விளக்குதல், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்காதிருத்தல்.

பல்கலைக்கழக நண்பர்களே, தனியொருவர் கேட்டால் அவர் முகம் நினைவிருக்கும். எல்லோரும் கேட்டால் எந்த முகமும் குறிக்கப்படாது. அடுத்த விடுமுறையில் வீட்டு முதியோருடன் கிளினிக்குச் செல்லுங்கள். அவர் கையொப்பமிடுமுன் அந்தப் படிவத்தை விளக்குமாறு கேளுங்கள்.