சீனிக் கருப்பட்டியும் விஸ்கி லேபிளும்

சார் விஸ்கியைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள், நான் தொட்டதில்லை.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த நம் மாணவர் ஒருவர் 'லைட் விஸ்கி' பற்றிச் சொன்னார். லைட் என்றால் போதை குறைவு என்று நினைத்தேன். இல்லையாம். தானிய ஸ்பிரிட்டை 80 சதவீதத்துக்கு மேல் வடிப்பதால் வாசம் குறைவு; அதனால் லைட். பிறகு பழைய ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மரத்திலிருந்து வெனிலா வாசமும் காய்ச்சிய சர்க்கரை வாசமும் மெல்ல ஏறும். தண்ணீர் கலக்காமல் பாட்டிலில் அடைத்தால் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்'.

இங்கே? பெங்களூரு அம்ருத் போன்றவர்கள் பார்லியில் வடித்துப் பீப்பாயில் வைக்கிறார்கள். ஆனால் நம் ஊர் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட். நிறம் கேரமலில் வருவது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது.

சீனி கலந்ததைக் கருப்பட்டி என்று நாம் ஒத்துக்கொள்வோமா? எதில் வடித்தது, மரத்தில் எத்தனை வருடம் கிடந்தது என்று லேபிளில் தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

குடிக்காதீர்கள் பிள்ளைகளா, அதுதான் சாரின் ஆசை. கேளாமல் குடிப்பவருக்கும், தான் குடிப்பது என்ன என்று தெரிய வேண்டாமா?

அன்புடன்,
உங்கள் சார்