ஒரு கழகத்தை எத்தனை வருடம் ஒருவர் தோளில் ஏற்றி வைப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியும் ஐஸ் ஹொக்கி விளையாடிய செக் குடியரசு வீரர் யரோமிர் யாகரின் படம் அவ்வப்போது பேஸ்புக்கில் சுற்றி வரும். கீழே வழமைபோல இரண்டு கட்சி. "வயது வெறும் இலக்கம்தான்" என்று ஒரு கட்சி. "இளம் பிள்ளைகளுக்கு இடம் விடாத பேராசை" என்று மற்றக் கட்சி. இரண்டு கட்சியுமே விஷயத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது என்பது எமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஐஸ் ஹொக்கி நாம் பார்த்து வளர்ந்த விளையாட்டு இல்லை. பனித்தரையில் சறுக்குச் சப்பாத்துப் போட்டு, கையில் தடியோடு, ஒரு சிறிய ரப்பர் வட்டைத் துரத்தி வலைக்குள் அடிக்க வேண்டும். மிக வேகமானது, உடம்போடு உடம்பு மோதுவது. முப்பத்தைந்து வயதிலேயே பெரும்பாலானோர் களைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

யாகர் முன்கள வீரர். கோல் அடிப்பதும், மற்றவர் கோல் அடிக்க வட்டைக் கொடுப்பதும் அவர் வேலை. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஒன்பது கழகங்களுக்காக 1733 போட்டிகள் ஆடி, 766 கோல்கள் அடித்தவர். மேலும் 1155 கோல்களுக்கு உதவியவர். இரண்டையும் சேர்த்தால் 1921 புள்ளிகள். அந்த லீக்கின் வரலாற்றில் அவருக்கு மேலே கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கி மட்டுமே. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணம். 1998 இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக் தங்கம். 2005, 2010 ஆம் ஆண்டுகளில் உலக சம்பியன்.

இனி ஊருக்கு வருவோம். பிராக் நகருக்கு அருகில் உள்ள கிளாட்னோ. நிலக்கரியும் உருக்கு ஆலையும் வளர்த்த தொழிலாளர் ஊர். அந்த ஊர்க் கழகம் 1970களில் செக்கோஸ்லோவாக்கியாவையே ஆட்டிப்படைத்தது. 1975 முதல் 1978 வரை தொடர்ந்து நான்கு முறை சம்பியன். 1972 இல் அங்கு பிறந்த பையன் எந்தக் கழகத்தைக் கனவு கண்டிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அவருடைய சட்டை இலக்கம் 68. அதிலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. கம்யூனிச ஆட்சி விவசாயிகளின் காணிகளைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்தபோது இணங்க மறுத்துச் சிறை சென்றவர் அவருடைய பாட்டனார். 1968 இல் மரணித்தார். அதே வருடம்தான் சோவியத் தாங்கிகள் பிராக் வீதிகளுக்குள் புகுந்தன. பேரன் அந்த வருடத்தை முதுகில் எழுதிக்கொண்டு காலமெல்லாம் ஓடினார்.

அவருக்கு முந்திய தலைமுறை வீரர்கள் பலர் மேற்குக்குப் போக நாட்டை விட்டுத் தப்பி ஓட வேண்டியிருந்தது. 1974 இல் வாஸ்லாவ் நெடோமான்ஸ்கி அப்படித்தான் போனார். 1989 இல் ஆட்சி வீழ்ந்ததால், 1990 இல் பதினெட்டு வயது யாகர் ஒளிவுமறைவு இல்லாமல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் கழகத்துக்குப் போக முடிந்தது. ஐந்தாவது ஆளாகத் தெரிவு செய்யப்பட்டவர். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாது. வீட்டு நினைவு வாட்டியது.

பிட்ஸ்பர்க் என்ன செய்தது? அந்த டிசம்பரில் யிரி ஹிர்டினா என்ற மூத்த செக் வீரரை இன்னொரு கழகத்திடமிருந்து வாங்கி அணியில் சேர்த்தது. பையனோடு தாய்மொழியில் பேசவும், வழிகாட்டவும் ஒருவர் வேண்டும் என்பதற்காக. ஆசிரியர்களாகிய எமக்கு யாகரின் கதையில் மிகப் பிடித்த பக்கம் இதுதான். புள்ளிவிபரப் பட்டியலில் ஹிர்டினாவின் பெயர் மேலே வராது. ஆனால் தனிமையில் உடைந்துபோகக்கூடிய ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் சரியான நேரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். 1921 புள்ளிகளில் அதற்கும் பங்கு உண்டு.

யாகரைப் புனிதராக்க வேண்டிய தேவை இல்லை. 2001 இல் வொஷிங்டன் கழகம் மிகப் பெரிய சம்பளத்துக்கு எடுத்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவர் ஆடவில்லை. இணையத்தில் பந்தயம் கட்டிப் பெரும் கடன்பட்ட விடயம் 2003 இல் வெளியே வந்தது, அவரும் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவருடைய கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சறுக்கியவர் எழும்பிய விதமும் அதில் தெரியும். 2005-06 பருவத்தில் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக 123 புள்ளிகள் எடுத்தார்.

இப்போது எமது வாதத்துக்கு வருகிறோம்.

வட அமெரிக்க லீக்கில் சம்பளப் பிணக்கு வந்து, உரிமையாளர்கள் போட்டிகளை மூன்று முறை நிறுத்தினார்கள். 1994, 2004, 2012. மூன்று முறையும் யாகர் கிளாட்னோவுக்குத் திரும்பி ஊர்ச் சட்டையைப் போட்டார். அதற்கிடையில் ஊர் மாறியிருந்தது. உருக்கு ஆலை 1990களில் நொடிந்து போனது. ஆலை நொடிந்தால் அதை நம்பியிருந்த கழகம் என்னவாகும்? யாகரின் தந்தை கழகத்தை இழுத்துப் பிடித்து நடத்தினார். 2011 இல் உரிமை மகனின் கைக்கு வந்தது.

2014 இல் கழகம் முதற்தர லீக்கில் இருந்து கீழே விழுந்தது. 2018 இல் கல்கரியோடு வட அமெரிக்க வாழ்க்கை முடிந்தது. கையில் பணமும் பெயரும் இருந்த மனிதர் ஓய்வாக இருந்திருக்கலாம். அவர் இரண்டாந்தர லீக்கில் இருந்த தன் ஊருக்குப் போய்ச் சறுக்குச் சப்பாத்துக் கட்டினார். 2019 இல் தரமுயர்வுக்கான போட்டி ஒன்றில், 47 வயதில், நான்கு கோல்கள் அடித்தார். கழகம் மேலே ஏறியது. அடுத்த வருடமே மீண்டும் விழுந்தது. 2021 இல் மறுபடி ஏறியது. 2024 பெப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவருடைய 68 ஆம் இலக்கச் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றிக் கௌரவித்தது. அப்போது அவருக்கு 52 வயது. விழா முடிந்து ஊர் போனவர் மறுபடியும் கிளாட்னோவுக்காக விளையாடினார்.

ஏன்? தான் களத்தில் இறங்கினால்தான் அனுசரணையாளர்கள் வருவார்கள், சனம் டிக்கெட் வாங்கும் என்பதை அவர் பல தடவை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விளையாட்டு ஆசையும் இருந்திருக்கும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கழகத்தின் கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் அந்த மனிதர் களத்தில் நிற்க வேண்டும் என்ற நிலை உருவாகிவிட்டது.

"வயது வெறும் இலக்கம்" என்பவர்களுக்கு எமது பதில்: ஐம்பது வயது முழங்காலுக்கு அது வெறும் இலக்கம் இல்லை. அவருடைய உழைப்பைச் சுவரொட்டி வாசகமாக்கி ரசிப்பது, அந்தச் சுமையைப் பார்க்காமல் விடுவதற்குச் சுலபமான வழி.

"இடம் விடாத பேராசை" என்பவர்களுக்கு: அந்தக் கழகமே மூடப்பட்டால் இளம் பிள்ளைக்கு எங்கே இடம்? பனித்தரைக்கு மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை வரவழைத்தது முதியவரின் சட்டை இலக்கம்தான். இதைப் பேராசை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. ஆலை இருந்தபோது கழகம் ஆலையில் சாய்ந்தது. பிறகு தந்தையில் சாய்ந்தது. பிறகு மகனில். சாய்கிற பழக்கம் மாறவில்லை, தூண் மட்டும் மாறியது. யாகரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தன் பங்கைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார். கைதட்டிக்கொண்டு சுற்றி இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்: அவர் தாங்கி நின்ற அந்த வருடங்களில் நீங்கள் எதைக் கட்டினீர்கள்?

கிளாட்னோவில் பிறந்த இன்னொருவர், தோமாஸ் பிளெகானெட்ஸ், கனடாவின் மொன்றியல் அணியில் நீண்ட காலம் ஆடிவிட்டு 2018 இல் ஊர்க் கழகத்துக்குத் திரும்பி யாகரோடு தோள் கொடுத்தார். அதுதான் சரியான பாதை என்று நினைக்கிறோம். இரண்டாவது தோள், மூன்றாவது தோள், பிறகு பத்துப் பேர். பெயர் பெற்ற வீரர்தான் வேண்டும் என்றில்லை. கணக்குப் பார்ப்பவர், பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவருபவர், மாதம் சிறு தொகை தருபவர் எல்லோரும் தோள்தான்.

யாகரின் வாழ்க்கை பிட்ஸ்பர்க்கில் ஒரு ஹிர்டினாவின் துணையோடு தொடங்கியது. ஊரில் அவரே பலருக்கு ஹிர்டினாவாக நின்றார். ஒருவர் தனியாகத் தாங்குவது வீரம்தான். தொடர்ந்து அவரைத் தனியாகத் தாங்க விடுவது சுற்றி இருப்பவர்களின் சோம்பல்.

உங்கள் கருத்து என்ன? அவர் முன்னரே விலகியிருந்தால் கழகம் தானாகக் கால் ஊன்றப் பழகியிருக்குமா, அல்லது அப்போதே மூடப்பட்டிருக்குமா? கீழே எழுதுங்கள், பண்பாக விவாதிப்போம்.