எட்டுக் கொம்பு எதற்கு?

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் மார்ச் கடைசி வாரத்து மாலைகளில் கூட்டம் அலைமோதும். மறையப்போகும் சூரியனின் ஒளி வாசல்களைக் கடந்து கர்ப்பக்கிரகத்துக்குள் புகுந்து, முதல் நாள் சுவாமியின் பாதத்திலும் அடுத்த நாள் நாபியிலும் மூன்றாம் நாள் நெற்றியிலும் விழுகிறது. கிருஷ்ணதேவராயர் தன் தாயார் பெயரால் உண்டாக்கிய ஊர் என்பார்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். ஆந்திராவில் இருந்தாலும் கடைத்தெருவில் பாதித் தமிழ் கேட்கும்.

கோயிலைக் கட்டிய ஸ்தபதிகள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்திருக்கிறார்கள். ஒளி வருகிற பாதையில் எதையும் குறுக்கே வைக்கவில்லை. இன்றைக்கு உற்சவ மேடையில் கார்ட்லெஸ் மைக் வைப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான். ரேடியோ அலையும் ஒளியின் பங்காளி. அதற்கும் நேர்ப்பாதை வேண்டும்.

இந்த மாதிரி ஊர்களில் கார்ட்லெஸ் மைக் வந்து சேருகிற விதம் எங்கும் ஒன்றுதான். முதலில் பட்டாச்சாரியாருக்கு ஒரு காலர் மைக். அடுத்த வருஷம் திருக்கல்யாண வர்ணனை செய்பவருக்கு ஒன்று. ஹரிகதை பாகவதர் நடந்துகொண்டே பாடுவார், அவருக்கு ஒன்று. வரவேற்புரைக்கு ஒரு கை மைக். நான்கு மைக் என்றால் நான்கு ரிசீவர். ஒவ்வொரு ரிசீவரின் முதுகிலும் இரண்டு கொம்பு. ஆக, மிக்ஸர் பக்கத்து மேஜையில் எட்டுக் கொம்புகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வெட்டுக்கிளி மாநாடு போல.

ரிசீவருக்கு ஏன் இரண்டு கொம்பு என்று முதலில் பார்த்துவிடுவோம். மைக்கிலிருந்து கிளம்பும் அலை நேராகவும் வரும், கல்தூணிலும் பந்தல் தகரத்திலும் மோதித் திரும்பியும் வரும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சிக்னல் பலமாக இருக்கும். முரண்படும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். எனவே பாகவதர் ஒரு சாண் நகர்ந்தாலே குரல் "கர்ர்" என்று அறுந்து திரும்பவும் வரலாம். கொம்புகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், ஒன்று குருடானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். ரிசீவர் எது தேவலையோ அதை எடுத்துக்கொள்கிறது. எட்டையும் ஒரே மேஜையில் நெருக்கி வைத்தால் இந்த ஏற்பாடு பாதி வீண். அந்த மேஜையும் பெரும்பாலும் ஜனங்களுக்குப் பின்னால், ஓரமாக, தரையோடு தரையாகத்தான் இருக்கும்.

இங்கே ஜனங்கள் என்பது அற்ப விஷயமல்ல. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும். சாயங்காலம் காலிப் பந்தலில் சோதித்தபோது கணீரென்று கேட்ட மைக், முகூர்த்த நேரத்தில் ஆயிரம் பேர் எழுந்து நின்றதும் ஊமையாவது இதனால்தான். சோமகாசுரன் கடலுக்கடியில் ஒளித்த வேதத்தை மீனாகப் போய் மீட்டவரின் சந்நிதியில், வேதம் சொல்பவரின் குரல் தண்ணீரில் தொலைவது கொஞ்சம் வேடிக்கை. மாங்கல்யதாரணத்தின்போது தொலைந்தால் வேடிக்கை இல்லை. அந்த நிமிஷத்துக்கு மறு டேக் கிடையாது.

எட்டுக் கொம்புக்குப் பதில் இரண்டே ஆன்டெனா போதும். இரண்டையும் மேடையைப் பார்த்து, ஆள் தலைக்கு மேலே, இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவை பிடிப்பதை எல்லா ரிசீவருக்கும் பங்கிட்டுத் தரலாம். பங்கிடுவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஒரே கேபிளை வீட்டில் இரண்டு டி.வி.க்குப் பிரித்தவர்களுக்கு நினைவிருக்கும், இரண்டிலும் புள்ளி மழை பெய்யும். சாதாரணப் பிரிப்பானில் இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதி, அதாவது 3 டெசிபல் இழப்பு. நான்காகப் பிரித்தால் கால்வாசி. ஏற்கெனவே தள்ளாடும் சிக்னலுக்கு அது போதும், விழுந்துவிட. இதற்கென்றே டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபயர் பிரிப்பதால் வரும் இழப்பை மட்டும் ஈடுகட்டி, இரண்டு ஆன்டெனாக்களையும் நான்கு ரிசீவர்களுக்கு முழுசாகக் கொடுக்கும். ஒன்றும் அதிசயம் செய்யாது. ஆன்டெனா பிடிக்காததை அது உற்பத்தி செய்துவிடாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது அலைவரிசை. பெட்டி எந்த வரம்புக்குச் செய்யப்பட்டதோ அதற்குள் எல்லா ரிசீவரும் இருக்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஓடும் மலிவு மைக்கையும் 600இல் ஓடும் நல்ல மைக்கையும் ஒரே ஆன்டெனாவில் கட்டிப்போட முடியாது. ரிசீவரின் கொம்பு கழற்றக்கூடியதா என்றும் பாருங்கள். பல மலிவு செட்டுகளில் அது பெட்டியோடு பிறந்தது. அப்படியென்றால் இந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது கேபிள். டி.வி. கேபிள் 75 ஓம், மைக் ஆன்டெனா கேபிள் 50 ஓம். மாற்றிப் போட்டால் வெடித்துவிடாது, கொஞ்சம் நஷ்டம்தான். பெரிய நஷ்டம் நீளத்தில் இருக்கிறது. பென்சில் தடிமனுக்கும் குறைவான ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் ஓடினாலே சிக்னலில் பாதியை வழியில் இறைத்துவிடும். தடித்த கேபிள் என்றால் இழப்பு மிகக் குறைவு, ஆனால் விலை அதிகம், சுருட்டுவதும் கஷ்டம். சிலர் நடுவில் பூஸ்டர் வைப்பார்கள். 80களில் ரூபவாஹினி பார்க்க மொட்டைமாடியில் பூஸ்டர் வைத்த தலைமுறைக்கு அதில் அசாத்திய நம்பிக்கை. கேபிள் தின்றதைத் திருப்பித் தருமளவு இருந்தால் சரி. அதற்கு மேல் ஏற்றினால் ரிசீவர் மூச்சுத் திணறி, இல்லாத சத்தங்களையெல்லாம் கேட்கத் தொடங்கும்.

என்னைக் கேட்டால், சிறிய ஊர்க் கோயிலுக்கு இதைவிட எளிய வழி உண்டு. ரிசீவர்களையே மேடைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அங்கிருந்து மிக்ஸருக்குச் சாதாரண மூன்று முனை மைக் கேபிள் போகட்டும். பாலன்ஸ்டு இணைப்பாக இருந்தால் 50 மீட்டர் ஓடினாலும் குரல் கெடாது. ஆன்டெனா கேபிளுக்குச் செலவழிக்கும் பணம் மிச்சம். மைக்செட்காரர்கள் இதை விரும்புவதில்லை. ரிசீவரின் விளக்குகள் கண் முன்னால் மினுங்க வேண்டும் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டரி தீர்வது அந்த விளக்கில்தான் தெரியும்.

ஆன்டெனாவைப் பகிர்ந்துவிட்டதால் மைக்குகளை இஷ்டம்போல் கூட்டலாம் என்று நினைத்தால் அங்கே வேறொரு பூதம் காத்திருக்கிறது. இரண்டு மைக்குகள் 600, 601 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏதாவது ஒரு மின்சுற்றில் பலமாகக் கலந்தால் 599லும் 602லும் இரண்டு போலிகள் பிறக்கும். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள், வரும். மூன்றாவது மைக்கை வரிசையாக இருக்கட்டுமே என்று 602இல் வைத்தால் போலி அதன் தலைமேலேயே உட்காரும். நான்கு மைக்குகளுக்கு இப்படி 24 போலிகள். எட்டுக்கு 224. மைக்கை இரட்டித்தால் தொல்லை ஒன்பது மடங்குக்கு மேல். எனவே அலைவரிசைகளைச் சம இடைவெளியில் அடுக்கக்கூடாது. கம்பெனிக்காரர்கள் குரூப், சேனல் என்று பிரித்துத் தருவது இந்தக் கணக்கைப் போட்டுத்தான். எல்லா மைக்கும் ஒரே குரூப்பில் இருக்கட்டும். பேசி முடித்தவர்கள் மைக்குகளை அணைக்காமல் ஒரே தட்டில் குவித்து ஆன்டெனாவுக்கு அருகே வைப்பது போலிகளுக்குப் பிரசவம் பார்ப்பது மாதிரி.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் 2022க்குப் பிறகு பலருடைய மைக் திடீரென்று கெட்டது. அந்த வருஷத்து ஏலத்தில் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நாடு முழுக்க இடம் வாங்கியது. பி.எஸ்.என்.எல்.லுக்கும் அதே பட்டையில் ஒதுக்கீடு கிடைத்தது. இதில் 703 முதல் 748 வரை போன்கள் டவருக்குப் பேசும் பகுதி, 758 முதல் 803 வரை டவர் போன்களுக்குப் பேசும் பகுதி. பழைய கார்ட்லெஸ் செட்டுகளில் நிறைய இந்த எல்லைக்குள்தான் ஓடுகின்றன. பக்தர்கள் பை நிறையப் போன்களோடு வருகிறார்கள், மைக்கோ அவற்றுக்கு நடுவே முணுமுணுக்கிறது. அமெரிக்காவில் 698 முதல் 806 வரை மைக்குக்கு 2010 ஜூனிலேயே தடை வந்துவிட்டது. இங்கே கல்யாண மண்டபங்களை நம்பிப் பிழைக்கும் மைக்செட்காரர், கடன் வாங்கி வாங்கிய செட்டு ஏன் இரைகிறது என்று தெரியாமல் பாட்டரியை மாற்றிக்கொண்டிருக்கிறார். இந்த இரைச்சலுக்கு டிஸ்ட்ரிபியூட்டரை விற்பவர்களும் உண்டு. வாங்காதீர்கள். நல்ல ஆன்டெனா டவரையும் நன்றாகவே பிடிக்கும். உங்கள் ரிசீவரின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 700 என்று தொடங்கும் எண் இருந்தால் அடுத்த செட்டை 470க்கும் 600க்கும் இடையே தேடுங்கள். தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டதால் அங்கே கொஞ்சம் நிம்மதி.

இன்னொரு எதிரி எல்.ஈ.டி. திரை. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க வைக்கிறார்களே, அதன் மின்சுற்றுகள் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளி வையுங்கள். ஒத்திகையின்போது திரையையும் ஓடவிட்டே சோதியுங்கள். ஒரே ஒரு மைக்கை மட்டும் அணைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் போடுங்கள். அணைத்த மைக்கின் ரிசீவரில் சிக்னல் விளக்கு எரிந்தால் அந்தச் சேனல் ஆகாது. பிறகு மைக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆன்டெனாவுக்கு முதுகைக் காட்டியபடி மேடை முழுக்க ஒருவர் நடக்கட்டும்.

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வேதகோஷ்டிக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒயர் மைக்கே போதும் என்பது என் கட்சி. அப்போது எட்டு மைக் மூன்றாகும். மூன்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் தேவைப்படுகிறதா என்பதை அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.