ஒரே ஒரு வாக்கு

வட ஜெர்மனியின் லூபெக் நகர மன்றத்தில் 1863-ஆம் ஆண்டு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஹோல்ஸ்டன் வாயில் என்னும் பழைய கோட்டை வாயிலை இடிப்பதா, விடுவதா என்பதே கேள்வி. இடிக்க வேண்டாம் என்ற தரப்பு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

இடிக்கச் சொன்னவர்களை மூடர்கள் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. 1464 முதல் 1478 வரை செங்கல்லால் எழுப்பப்பட்ட இரட்டைக் கோபுரம் அது. அடியிலிருந்த சதுப்பு நிலம் பாரம் தாங்காமல் கட்டும்போதே அமுங்கத் தொடங்கிவிட்டது. 1851-இல் புகைவண்டி வந்தது. ரயில் நிலையத்துக்காக 1853-இல் எதிரேயிருந்த வெளிவாயிலை இடித்தே விட்டார்கள். மிஞ்சியதோ சாய்ந்து நின்ற ஒரு பழங்கட்டடம். அன்று அந்த மன்றத்தில் இருந்திருந்தால் நானும் இடிக்கவே கை தூக்கியிருப்பேனோ என்னவோ! விஞ்ஞானம் பயிலும் நமக்குப் பழையது என்றாலே ஓர் இளக்காரம் உண்டல்லவா?

என் எண்ணத்தை மாற்றியது அதன் சுவர். பகைவரை நோக்கிய பக்கம் கனம் மூன்றரை மீட்டர், பீரங்கித் துளைகள். ஊரை நோக்கிய பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை; அங்கே வரிசை வரிசையாக ஜன்னல்கள், அலங்காரங்கள். அந்நியனுக்குக் காட்டும் முகம் வேறு, சொந்த மக்களுக்குக் காட்டும் முகம் வேறு! அந்த ஊரார் எதற்கு அஞ்சினர், எதில் பெருமை கொண்டனர் என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது.

இதை ஏட்டில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பேன். எழுதுகிறவர் எதை விட்டுவிடுவார் என்று யாருக்குத் தெரியும்? கட்டிய தலைவர் ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டெடே என்று நூல்கள் கூறுகின்றன. செங்கல் அறுத்தவர், சுமந்தவர் பெயர் எதையும் நான் காணவில்லை. என் பாட்டனார் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லாததால் இது என்னை உறுத்துகிறது. அத்தொழிலாளர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது அவர்கள் அடுக்கிய செங்கல் மட்டுமே. அதையும் இடித்துவிட்டால்?

ஒரு வாக்கில் வெற்றி என்றால், ஆதரித்த ஒவ்வொருவர் வாக்கும் அந்த ஒரு வாக்குத்தான். அன்று அவர்களில் ஒருவர் ஜலதோஷம் என்று வீட்டில் படுத்திருந்தாலும் கதை மாறியிருக்கும்!

1871-இல் வாயிலைப் புதுப்பித்தார்கள். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் 50 மார்க் நோட்டிலும், 2006-இல் இரண்டு யூரோ நாணயத்திலும் அதன் உருவம் ஏறியது. இடிக்கச் சொன்னவர்களின் கொள்ளுப் பேரர்களும் அந்த நோட்டைக் கொடுத்துத்தான் கடையில் ரொட்டி வாங்கியிருப்பார்கள்.