மோட்டார்க் களவும் முதல் தகவலும்

மோட்டார் வண்டியைப் பறிகொடுத்தவர் நம் நாட்டில் இரண்டு முறை நஷ்டமடைகிறார். முதல் நஷ்டம் திருடனால் வருவது. இரண்டாவது, களவுபோன செய்தியை உரிய காலத்தில் உரிய முறையில் பதிவு செய்விக்காமையால் வருவது. முதலாவதை முற்றிலும் தடுப்பது எவருக்கும் சாத்தியமன்று. இரண்டாவதைத் தடுக்கும் வழி சொந்தக்காரர் கையிலேயே இருக்கிறது. ஆயினும் அவ்வழியை அறிந்தவர் சிலரே.

கார் வைத்திருப்பவர் தனவந்தர். அவருக்காக நாம் ஏன் பரிய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் காப்பவரும், பாங்கில் கடன்பட்டு வண்டி வாங்கிய குமாஸ்தாவும் தனவந்தர்களா? வண்டி போய்விட்டாலும் கடன் தவணை நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் வண்டி காணாமற் போனதென்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவருக்குப் பல இடங்களில் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்னும் ரசீது. "தேடிப் பார்ப்போம், அகப்படாவிட்டால் எப்.ஐ.ஆர். போடலாம்" என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. அந்த ரசீது மனு வந்ததற்கு அத்தாட்சியேயன்றி, குற்றம் பதிவானதற்கு அத்தாட்சியன்று. களவுகள் பதிவாகாவிடில் ஸ்டேஷன் கணக்கில் குற்றம் குறைந்து காணப்படும். அந்தக் கணக்கின் அழகுக்குப் பிரஜைகள் விலை கொடுக்க வேண்டுமா?

சட்டம் இவ்விஷயத்தில் பிரஜையின் பக்கமே நிற்கிறது. போலீஸார் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், எப்.ஐ.ஆர். பதிவு செய்தே தீரவேண்டுமென்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மோட்டார்க் களவு அத்தகைய குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பெயரை உச்சரிப்பது தமிழருக்குச் சிரமமாயினும், அதன் 173-வது பிரிவு மனப்பாடம் செய்யத் தக்கது. களவு எங்கு நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். "எங்கள் எல்லையன்று" என்று விரட்ட இடமில்லை. மின்னணு மூலம் தகவல் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். பதிவான தகவலின் நகலை இலவசமாகத் தரவேண்டும். சிலவகைக் குற்றங்களில் பூர்வாங்க விசாரணைக்கு இப்பிரிவு இடந்தருகிறது என்பது மெய்யே. ஆனால் அதற்கு டி.எஸ்.பி.யின் அநுமதி வேண்டும். 14 நாட்களுக்குள் அது முடியவும் வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், தகவலின் சாரத்தை எழுதித் தபால் மூலம் போலீஸ் சூப்பரிண்டெண்டுக்கு அனுப்பலாம். அங்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

இந்தக் காகிதத்தின் மதிப்பு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வாசலில்தான் தெரியும். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் களவுக்கு ஒரு காசும் தராது என்பதை முதலில் அறிய வேண்டும். முழு இன்ஷ்யூரன்ஸ் உள்ளவரிடம் கம்பெனியார் எப்.ஐ.ஆர். நகலையும், வண்டி அகப்படவில்லை என்ற போலீஸ் அறிக்கையையும், இரண்டு சாவிகளையும் கேட்பர். எப்.ஐ.ஆர். இல்லையேல் அந்த அறிக்கைக்கு வழியேது? தாமதமாகத் தெரிவித்தாரென்று பணம் மறுப்பதும் கம்பெனிகளின் வழக்கம். ஒரு டிராக்டர் களவுபோய், எப்.ஐ.ஆர். உடனே பதிவாகி, கம்பெனிக்கு 52 நாள் தாமதமாகச் செய்தி போன வழக்கில், அத்தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நஷ்டஈட்டை மறுக்கக்கூடாதென்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கூறினர். சொந்தக்காரரைக் காப்பாற்றியது உடனே பதிவான தகவலே என்பதைக் கவனிக்க. தாமதத்திற்கு இத்தீர்ப்பு அநுமதிச் சீட்டன்று. அன்றே கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பதே விவேகம்.

ஆகவே வண்டிச் சொந்தக்காரர்கள் பதிவுப் புத்தகம், இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் இவற்றின் நகல்களையும், எஞ்சின், சாஸிஸ் நம்பர்களையும் வீட்டில் பத்திரப்படுத்துக. மற்றொரு சாவியை வண்டிக்குள் வைக்கற்க. களவுபோன அன்றே தகவல் கொடுத்து, நகல் பெறாமல் ஸ்டேஷனை விட்டு வரற்க.

சர்க்காருக்கு நாம் சொல்வது ஒன்றே. போலீஸில் ஆள் போதாமை இருக்கலாம்; ஆனால் புகாரை எழுதிக்கொள்ள ஒரு பேனா போதும். களவு வழக்கில் ரசீது கொடுத்து ஆளை அனுப்பும் வழக்கத்தை நிறுத்தும்படி ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கண்டிப்பான உத்தரவு போகவேண்டும். அதுவரையில், மேடையில் பிரஜா உரிமை பேசும் தொண்டர்கள், வண்டியைப் பறிகொடுத்த அண்டை வீட்டாருடன் ஸ்டேஷன் வரையில் நடந்து செல்வார்களாக. பிரஜா உரிமை என்பது அந்த மேஜையின் முன்னும் செல்லுபடியாக வேண்டும்.